பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் அலைச்சறுக்குப் பயிற்சி என்று 780 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறார்கள், பணம் அனுப்பிவிடாதீர்கள்

இதை எழுத உட்காரும்போது இரவு மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பினாங்கிலிருந்து செந்தூல் வீட்டுக்கு இன்று மாலைதான் வந்து சேர்ந்தோம். பைகள் இன்னும் கூடத்திலேயே கிடக்கின்றன. பதினொரு வயது மகன் வலது புருவத்தில் மூன்று தையலோடு உறங்குகிறான். 780 வெள்ளி போனது போகட்டும், பிள்ளையின் கண் தப்பியதே பெரிது என்று வீட்டில் சொல்கிறார்கள். என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை. பள்ளி விடுமுறை இன்னும் முடியவில்லை, அடுத்த வாரமும் கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் அதே கடற்கரைக்குப் போகும். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இப்படிப்பட்டவர்களிடமிருந்து எப்படித் தப்புவது என்பதையும் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகள் போன வருடம் கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்றுக்கொண்டாள். பலகையில் படுத்திருந்தவள் அலை தள்ளியதும் எழுந்து நின்று கரைவரை வந்த காணொளியை அவள் அனுப்பிய நாளிலிருந்து என் மகளுக்கு அதே நினைப்பு. பினாங்கில் நான்கு நாள் தங்கப் போகிறோம் என்றதும், அங்கே அப்படி ஏதும் உண்டா என்று அவளே தேடினாள். ஒரு சமூக ஊடகத் தளத்தில் விளம்பரம் ஒன்று கிடைத்தது. சாய்ந்த தென்னை மரம், ஆள் உயர அலை, அதன் மேல் மஞ்சள் பலகையில் ஒரு சிறுமி. கீழே, தொடக்கநிலைப் பயிற்சி, ஆளுக்கு 260 வெள்ளி, இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு நாள், சான்றிதழ் பெற்ற பயிற்றுநர், காப்புறுதி உண்டு என்று போட்டிருந்தது. மகள், மகன், எங்களோடு வந்த என் அக்காள் மகன் என மூன்று பிள்ளைகள். ஆக மொத்தம் 780 வெள்ளி.

நான் உடனே பணம் கட்டிவிடவில்லை, எண்ணுக்கு அழைத்து விசாரித்தேன். மலாயில்தான் பேசத் தொடங்கினேன். என் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் இருந்தவர் தமிழுக்கு மாறினார். "தமிழா அண்ணே? அப்பவே சொல்லியிருக்கலாமே. நம்ம பிள்ளைங்க, நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிறேன்" என்றார். என் அப்பாவின் ஊர் எது என்று கேட்டார். சுங்கை சிப்புட் என்றதும், தன் பாட்டியும் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான் பால்மரம் வெட்டினார் என்றார். உண்மையோ பொய்யோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் நான் அந்த மனிதரை உறவுக்காரராகவே எண்ணிவிட்டேன். அடுத்து நான் கேட்க வைத்திருந்த கேள்விகளில் பாதியை அதன்பின் கேட்கவே இல்லை. அங்கே அலை இருக்குமா என்று மட்டும் கேட்டேன். "மத்தியானம் மூணு மணிக்கு மேல காத்து ஏறும் அண்ணே, அலை தன்னால வரும்" என்று தயங்காமல் சொன்னார். மூன்று இடங்கள்தான் மீதி, விடுமுறைக் கூட்டம், முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் எடுத்து வைக்கிறேன் என்று கியூஆர் குறியீட்டை அனுப்பினார். அதை ஸ்கேன் செய்தபோது நிறுவனத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டேன். "என் தங்கச்சி அக்கவுண்ட்தான் அண்ணே, கம்பெனி அக்கவுண்டுல லிமிட் ஆயிடுச்சு" என்றார். நம்பினேன். 780 வெள்ளி ஒரே தட்டலில் போனது.

சொன்னபடி மூன்று மணிக்குப் போனோம். அலுவலகம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. இரண்டு சவுக்கு மரங்களுக்கு இடையே நீலத் தார்ப்பாய் கட்டி, அடியில் இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மூன்று பிள்ளைகளுக்கு இரண்டு பலகை. என் அம்மா பாயை விரிக்கக்கூட இல்லை, கடலைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இது குளம் மாதிரி கிடக்கு, இதுல எங்கப்பா அலை?" என்று கேட்டார். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. அவர் ஒரே பார்வையில் கண்டதை நான் ஏற்க மறுத்தேன், பணம் கட்டியாகிவிட்டதே என்பதால்.

இது ஏன் வெறும் மோசமான சேவை இல்லை, அப்பட்டமான ஏமாற்று என்று சொல்கிறேன். பத்து பெரிங்கி மலாக்கா நீரிணையைப் பார்த்திருக்கும் கடற்கரை. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் பெரிய அலைகளைச் சுமத்ரா தீவு சுவர்போல மறித்து நிற்கிறது. நீரிணைக்குள்ளேயோ காற்று நெடுந்தொலைவு வீசி அலையை வளர்த்தெடுக்க இடமில்லை. காற்றடித்தால் தண்ணீர் கலங்கிச் சிறு சிறு மடிப்புகள் எழும்; ஆளை எழுப்பிக் கரைவரை கொண்டுவரும் அலையை எதிர்பார்த்து, நாள் குறித்துப் பணம் வாங்கும் இடமன்று அது. மலேசியாவில் இதைக் கற்க விரும்புகிறவர்கள் போவது தென்சீனக் கடலைப் பார்த்த கிழக்குக் கரைக்கு. பகாங்கில் செராத்திங், தியோமான் தீவில் ஜுவாரா. அங்கேயும் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல அலை. இது கடலோரத்தில் தொழில் செய்கிறவருக்குத் தெரியாத செய்தியா? தெரிந்துதான் "தன்னால வரும்" என்றார்.

பயிற்றுநர் என்று வந்தவர் பத்தொன்பது இருபது வயது இளைஞர். சற்று முன்புதான் வாழைப்பழப் படகிலிருந்து (விசைப்படகு இழுத்துச் செல்லும் காற்றடைத்த நீள மிதவை) ஆட்களை இறக்கிக்கொண்டிருந்ததை நாங்களே பார்த்தோம். மணலில் பிள்ளைகளைப் படுக்க வைத்து, கையை ஊன்றி எழச் சொல்லிப் பத்து நிமிடம் பழக்கினார். பலகைகளில் ஒன்று மெத்தென்ற நுரைப்பலகை, மற்றது கெட்டியான ஃபைபர் பலகை. அதன் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், அதன் மேல் பழுப்பு நிற ஒட்டுநாடா. அடியில் மீன் துடுப்புபோல நீட்டிக்கொண்டிருந்த மூன்று துடுப்புகளில் நடுத்துடுப்பின் முனை உடைந்து கூராக இருந்தது, நான் விரலால் தடவிப் பார்த்தேன். கணுக்காலில் கட்டும் கயிற்றின் ஒட்டுப்பட்டை நைந்து இருமுறை கழன்றது. கேட்டதற்கு, "ஓகே அங்கள், தண்ணியில போனா நிக்கும்" என்றார். அங்கேயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும்.

இருபது நிமிடம் இடுப்பளவுத் தண்ணீரில் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், அலை வரவில்லை. பிறகு அவர்கள் செய்ததுதான் என்னை இன்னும் நடுங்க வைக்கிறது. ஒரு ஜெட்ஸ்கியை வரவழைத்து, பிள்ளைகளுக்கு மிக அருகே வட்டமடிக்கவிட்டு, அது கிளப்பும் தண்ணீரையே அலை என்றார்கள். நான் கரையிலிருந்து கத்தினேன், யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது வட்டத்தில் என் மகன் கவிழ்ந்தான். காலில் கட்டிய கயிறு இழுபட்டுப் பலகை அவனை நோக்கியே திரும்பி வந்தது. அவன் தலையைத் தூக்கிய கணத்தில் அந்த உடைந்த துடுப்பு புருவத்தைக் கிழித்தது. அரை விரல் கீழே இறங்கியிருந்தால் கண். இதே நேரத்தில் அக்காள் மகனுக்குக் கெண்டைக்காலில் ஜெல்லிமீன் பட்டுச் சிவப்புச் சாட்டைக்கோடு விழுந்தது. அந்த இளைஞர் மணலை அள்ளித் தேய்த்து, குடிநீர்ப் புட்டியைத் திறந்து ஊற்றினார். தேய்க்கவும் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது, கொட்டும் நுண்ணுறுப்புகள் அதனால் இன்னும் வெடிக்கும் என்று பிறகு கிளினிக்கில் மருத்துவர் சொன்னார். பினாங்குக் கடலில் பெட்டி ஜெல்லிமீனும் உண்டு; அதற்கு முதலுதவி வினிகர். கடலில் பிள்ளைகளை இறக்கிப் பிழைக்கும் அவர்களிடம் ஒரு புட்டி வினிகர் இல்லை, ரத்தத்தை ஒற்ற ஒரு துணியும் இல்லை. என் மனைவியின் துப்பட்டாதான் உதவியது.

அன்றிரவு கோவளத்துத் தங்கையை அழைத்துச் சொன்னேன். அங்கே முதல் வகுப்பில் அவளுக்கு விழுவதற்குத்தான் முதலில் கற்றுக் கொடுத்தார்களாம்: தட்டையாக விழ வேண்டும், மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும், அலைக்கும் தனக்கும் நடுவே பலகையை விடவே கூடாது. பலகை எட்டு ஒன்பது அடி நுரைப்பலகை, துடுப்புகூட வளையும் ரப்பர் போன்றது. பயிற்றுநர் பக்கத்திலேயே தண்ணீரில் நின்று, உடைந்து வரும் நுரையலையைப் பார்த்துப் பலகையைத் தள்ளி, எழு என்று சொன்ன பிறகுதான் எழ வேண்டுமாம். என் மகனுக்கு இதில் ஒன்றையும் யாரும் சொல்லவில்லை. கையைத் தலைக்குக் கொடு என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும்.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. கரையிலேயே, முதலாளி இல்லை, முதலில் கிளினிக் போங்கள், இரவு பேசுவார் என்றார்கள். இரவு நான்தான் அழைத்தேன். என் மகன் எப்படி இருக்கிறான் என்று அந்தத் தமிழ்க்குரல் கேட்கவில்லை. "ஆக்சிடெண்ட் தானே அண்ணே, மீதி கிளாஸ் நாளைக்கு இருக்கு, மத்த ரெண்டு பேரையும் அனுப்புங்க" என்றது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும், நான் கையெழுத்திட்ட படிவத்தின் படத்தை அனுப்பினார். பணம் திருப்பித் தரப்படாது, காயத்துக்குப் பொறுப்பில்லை என்று எறும்பெழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. பெயர் எழுதும் தாள் என்று சொல்லித்தான் அதை என்னிடம் நீட்டினார்கள். காப்புறுதி எங்கே என்றேன். அது ஜெட்ஸ்கிக்கு மட்டும் என்றார். 780 வெள்ளியில் பாதியாவது கொடுங்கள் என்று கேட்டேன், அதற்கு வாழைப்பழப் படகில் மூன்று பேருக்கு இலவசச் சவாரி தருகிறேன் என்றார். தையல் போட்ட பிள்ளைக்கு!

மறுநாள் காலை அந்த இடத்துக்கே போனேன். தார்ப்பாய் இல்லை, பலகைகள் இல்லை, சவுக்கு மரத்தில் கயிறு கட்டிய தடம் மட்டும் இருந்தது. பக்கத்தில் படகு வைத்திருந்த பெரியவர், அவர்கள் விடுமுறை நாள்களில் மட்டும் வருவார்கள், எங்கிருந்து என்று தெரியாது என்றார். மீண்டும் அழைத்தபோது, "நான் புக்கிங் மட்டும்தான் அண்ணே எடுப்பேன், எனக்கே நூறு வெள்ளிதான் கமிஷன், பாஸ் கிட்ட பேசுங்க" என்றார். பாஸ் எண் என்று கொடுத்த எண்ணில் ஒரு பெண், பதினான்கு வேலை நாளில் பரிசீலிப்போம் என்று மலாயில் சொல்லிவிட்டு வைத்தார். நேற்று மாலையிலிருந்து வாட்ஸ்அப்பில் என் செய்திகளுக்கு ஒற்றைக் கோடுதான் விழுகிறது. அவருடைய படமும் மறைந்துவிட்டது. விளம்பரம் வந்த தளத்தில் புகார் செய்தேன், விதிமீறல் எதுவும் காணப்படவில்லை என்று தானியங்கிப் பதில் வந்தது.

780 வெள்ளி எனக்கு ஒரு வாரச் சம்பளத்துக்கும் மேல். கிளினிக்கில் கட்டியதை இதில் சேர்க்கவில்லை. ஆனால் பணத்தைவிட எனக்கு ஆறாதது, "நம்ம பிள்ளைங்க" என்ற அந்தச் சொல்தான். தமிழில் பேசியதால் நம்பினேன், அந்த நம்பிக்கைக்காகத்தான் அவர் தமிழில் பேசினார். என் மகள் இதற்கெல்லாம் தான்தான் காரணம் என்று வண்டியில் வரும் வழியெல்லாம் அழுதாள். அவளை அழ வைத்ததற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாயிற்று. நாளை பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்துக்கு விண்ணப்பம் போடுகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. அலுவலக நண்பர் ஒருவர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் எழுதச் சொன்னார், எழுதுவேன்.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன். கண் எரிகிறது, அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தனி ஆள் பெயரில் வரும் கியூஆர் குறியீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். இணையவழி பணம் பறிபோனது தெரிந்தால் அந்த நிமிடமே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997க்கு அழையுங்கள், நான் இரண்டு நாள் பேசிப் பேசியே வீணாக்கினேன். முழுப் பணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள். கடலைப் பார்த்துவிட்டு, பலகையைத் திருப்பித் துடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பினாங்கில் அலைச்சறுக்கு என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

சற்று முன் என் மனைவி தன் கைப்பேசியைக் காட்டினாள். அதே தளத்தில், அதே சாய்ந்த தென்னை, அதே மஞ்சள் பலகை, அதே சிறுமி. பெயர் மட்டும் புதிது. இப்போது ஆளுக்கு 240 வெள்ளி என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை எங்கே கண்டாலும் பணம் அனுப்பாதீர்கள்.