டெல்லி – சென்னை இரவு விமானம்: ஐந்துக்கு மூன்று

இரவு 10.55க்குக் கிளம்ப வேண்டிய விமானம் மறுநாள் காலை 6.40க்குக் கிளம்பியது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மூன்று நட்சத்திரமா என்று கேட்பீர்கள். மூன்றும் அந்த கேப்டனுக்கு.

ஏறி உட்கார்ந்தது என்னவோ நேரத்துக்குத்தான். அப்புறம் ஜனவரிப் பனி. கதவை மூடிக்கொண்டு அப்படியே நின்றோம். 1.40 மணிக்கு கேப்டன் மைக்கில் பேசினார். பனி விலகுகிறது, ஆனால் எங்கள் டூட்டி நேரம் முடிந்துவிட்டது, இனி நாங்கள் ஓட்டக் கூடாது என்றார். "பைலட்டுக்குத் தூக்கம் வந்தா அதுக்கு நாங்களா பொறுப்பு?" என்று பின் சீட்டிலிருந்து ஒரே கத்தல். இறங்கும்போது பார்த்தேன், காக்பிட் கதவு திறந்திருந்தது. மனிதர் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முகம் எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக ஐசியூவில் நைட் டூட்டி பார்க்கிறேன். ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு, மருந்து ஏற்றும் பம்ப்பில் 2.5 என்று போட வேண்டிய இடத்தில் 25 என்று அழுத்திவிட்டு, ஸ்டார்ட் பட்டன்மேல் விரலை வைத்த பிறகுதான் கவனித்தேன். கண் திறந்துதான் இருந்தது.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 158 பேர் இறந்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் கேப்டனின் குறட்டை கேட்டது. இறங்குவதற்கு முன் விழித்துவிட்டார், ஆனால் தூக்கக் கலக்கம் தெளியவில்லை. மறுபடி மேலே எழும்பிவிடலாம் என்று துணை விமானி சொல்லியும் இறக்கினார். ஓடுபாதையைத் தாண்டி விமானம் பள்ளத்தில் விழுந்தது. அதைப் படித்தவள் 1.40க்கு எங்களை இறக்கிவிட்டதற்காக ஒரு நட்சத்திரத்தைக் கூடக் குறைக்க மாட்டேன்.

குறைத்த இரண்டும் நிர்வாகத்துக்கு. விமானிகளின் வார ஓய்வு 36லிருந்து 48 மணி நேரமாகும், இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறையும் என்று டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, 2024 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. டெல்லியில் ஜனவரியில் பனி வரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மாற்று விமானிகளைத் தயாராக வைப்பதற்கு என்ன? போதாக்குறைக்கு, கவுன்ட்டரில் கேட்டால் "டெக்னிக்கல் காரணம்" என்கிறார்கள். அவ்வளவு நேர்மையாகச் சொன்ன மனிதரை அங்கேயே பொய்யராக்கிவிட்டார்கள்.

காலை ஆறு மணிக்குப் புது கேப்டன் வந்தார், தலையில் ஈரம் காயாமல். எனக்கு அதைப் பார்த்ததும்தான் தூக்கம் வந்தது. சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டபோதுதான் விழித்தேன்.

சாண்ட்விச் குளிர்ந்து விறைத்திருந்தது. அதையும் கேட்டால்தான் தருகிறார்கள், கவுன்ட்டரில் போய்க் கேளுங்கள்.