3 சத சிவனொளிபாதமலை முத்திரை வாங்குபவர்கள் கவனிக்கவும்: துளை மாற்றிய போலி

கண்டியில் பழைய முத்திரையும் நாணயமும் விற்கும் ஒருவர் 18,000 ரூபாவுக்கு எனக்கு ஒரு போலி முத்திரையை விற்றுவிட்டார். ஆளின் பெயரை இங்கே போடவில்லை. அவர் செய்ததை மட்டும் விவரமாக எழுதுகிறேன். ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கம் இன்னும் சிலரிடமும் இதே மாதிரி முத்திரையைக் காட்டியிருக்கிறார்.

ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையோடு 1938 முதல் வந்த இலங்கை முத்திரைத் தொகுதியை நம் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் பலர் தேடித் தேடிச் சேர்க்கிறோம். 20 சதத்தில் கொழுந்து பறிக்கும் காட்சி, 25 சதத்தில் தலதா மாளிகை, 3 சதத்தில் சிவனொளிபாதமலை. மஸ்கெலியாவில் பிறந்தவனுக்கு அந்த 3 சதத்தின் மேல் ஆசை வராமல் இருக்குமா? சிறுவயதில் வாசலில் நின்று பார்த்த மலை அது.

பார்க்க ஒரே முத்திரைதான். ஆனால் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சானதால் விளிம்பில் உள்ள துளைகள் ஒரே அளவில் இல்லை. 2 சென்ரிமீற்றர் நீளத்தில் எத்தனை துளை என்பதுதான் கணக்கு. முதலில் சொல்வது மேல், கீழ் விளிம்புகளுக்கான எண். அடுத்தது பக்கங்களுக்கு. எல்லாப் பக்கமும் 13½ உள்ள 3 சதம் மலிவாகவே கிடைக்கும். மேலும் கீழும் 13, பக்கங்களில் 13½ என்று இருந்தால் அது அரிது, விலையும் பல மடங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 2 சென்ரிமீற்றரில் அரைத் துளை. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஏமாற்றுக்காரனுக்கு அந்த அரைத் துளை போதும்.

கடைக்காரர் என் முன்னாலேயே துளை அளக்கும் அளவுகோலை வைத்து அளந்து காட்டினார். "பாருங்க தம்பி, மேல 13, பக்கத்துல 13½. கிப்பன்ஸ் பட்டியல்ல இதுக்குத் தனி இலக்கமே இருக்கு" என்றார். அளவும் சரியாகத்தான் இருந்தது, சேகரிப்பாளர்கள் பார்க்கும் ஸ்டான்லி கிப்பன்ஸ் முத்திரைப் பட்டியலைப் பற்றிச் சொன்னதும் உண்மை. பில் கேட்டேன். பழைய சாமான்களுக்கு பில் போடுவதில்லை என்றார். முத்திரையின் படத்தை அவர் போனில் ஏற்கெனவே அனுப்பியிருந்ததால் அது போதும் என்று சல்லியைக் கொடுத்தேன்.

வீட்டில் தாத்தாவின் பழைய கடுதாசிகளில் அதே 3 சதம் ஒட்டியது இருக்கிறது. அதன் பக்கத்தில் புதியதை வைத்ததும் மனசு கேட்கவில்லை. படம் ஒரே அளவு, ஆனால் கடைக்காரர் தந்தது உயரத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் குறைவு. படத்தின் சட்டத்துக்கும் துளைக்கும் நடுவே உள்ள வெள்ளை ஓரம் பக்கங்களில் தாராளமாக இருந்தது, மேலும் கீழும் மெலிந்து போயிருந்தது. அப்புறம் லென்ஸை எடுத்தேன். தாளிலிருந்து கிழித்துப் பிரித்த முத்திரையில், துளைகளுக்கு நடுவே நீட்டி நிற்கும் பல் நுனியில் காகித நார் பிசிறு பிசிறாக நிற்கும். பக்கங்களில் அது இருந்தது. மேல், கீழ்ப் பற்களோ பிளேடால் சீவியது போலத் தட்டையாக இருந்தன. கத்தரியால் வெட்டிப் பிரித்த நல்ல முத்திரையிலும் நுனி தட்டையாக வரலாம். அதனால் அது மட்டும் சாட்சியாகாது. ஆனால் இதில் உயரமும் குறைவு, மேல் துளைகள் பக்கத்துத் துளைகளை விட ஒரு பொட்டு பெரிது. மலிவான 13½ முத்திரையை எடுத்து, மேலும் கீழும் சீவிவிட்டு, 13 அளவில் புதிதாகத் துளை போட்டிருக்கிறார்கள். அளவுகோல் 13 என்று காட்டியதில் என்ன ஆச்சரியம்? அதற்காகத்தானே துளையே போட்டார்கள்.

திரும்பக் கொண்டுபோனபோது மனுசன் சொன்ன பதில்தான் சல்லி போனதை விட வலித்தது. நான் முத்திரையை மாற்றிக் கொண்டு வந்திருக்கிறேனாம். அவர் அனுப்பிய படத்தையே நீட்டினேன். தபால் சீல் விழுந்த கோணம், இடது மூலையில் குட்டையான பல், எல்லாம் அச்சு அசலாக ஒன்று. படத்தைப் பார்த்தார், "விற்ற பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன்" என்றார். அதன் பிறகு போனையும் எடுக்கவில்லை.

இந்தத் தொகுதியில் அரிது என்று யார் எதைக் காட்டினாலும், துளையை எண்ணுவதற்கு முன் அதே மதிப்புள்ள சாதாரண முத்திரை ஒன்றைப் பக்கத்தில் வைத்து உயரமும் அகலமும் பாருங்கள். தபால் சீலில் ஆண்டு தெரிந்தால் அதையும் படியுங்கள். எல்லாப் பக்கமும் 12 உள்ள 3 சதம் 1946 இல்தான் வந்தது. அதில் 1940 சீல் இருந்தால் போலிதான், பேச்சே வேண்டாம். பெரிய விலை சொல்பவரிடம் லண்டன் ரோயல் முத்திரைச் சேகரிப்பாளர் சங்கம் போன்றவற்றின் நிபுணர் குழுவின் சான்றிதழைக் கேளுங்கள். வீட்டில் பழைய கடுதாசி இருந்தால் தயவுசெய்து முத்திரையை நனைத்து உரிக்காதீர்கள். உறையோடு, சீலோடு இருக்கும் முத்திரையில் துளையை மாற்றுவது லேசான காரியம் இல்லை.

அதே ஆள் இப்போது 50 சத யானை முத்திரை ஒன்றைப் போனில் சுற்றவிட்டிருக்கிறார், அதுவும் 13க்கு 13½ என்று. அந்த 50 சதத்தில் அப்படி ஒரு அரிய வகை உண்மையிலேயே இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். யாராவது முற்பணம் கட்டியிருந்தால், மீதியைக் கொடுக்கும் முன் அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள். என்னிடம் சாதாரண 50 சதம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.