களத்தில் காபி காயும்போது எந்த வானிலைக் கணிப்பைப் பார்ப்பது?

மார்கழியில் நல்ல வெயில், தையில் நல்ல பனி, பறித்துப் பழத்தோலை உரிக்கும் பல்பரில் போட்ட காபி பத்து நாளில் காய்ந்து மூட்டை ஏறுகிறது என்றால் வானிலை ஆப்பை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஏற்காட்டுத் தோட்டக்காரர்களுக்குத் தலைவலி தருவது குளிரே இல்லாமல் நசநசவென்று போகிற குளிர்காலம்தான். இரவில் மேகம் மூடியிருப்பதால் தரையின் சூடு வெளியேறாது, குளிர் தெரியாது. காலை பத்து மணி ஆனாலும் மூட்டம் விலகாது. மழைமானியில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் விழுந்திருக்காது, ஆனால் பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் உரித்துக் கழுவிய, மேலோடு நீங்காத காபிக்கொட்டை, காயாது. இப்படி ஒரு பருவம் வந்தால் மலைக் கிராமங்களில் நாகலூரில் ஒரு கருத்து, வாழவந்தியில் ஒரு கருத்து, கைபேசியில் மூன்று கருத்து. சேலம் பக்கமும் ஏற்காட்டிலும் புழங்கும் கணிப்புகளைக் களம், பறிப்பு, காபி மொட்டை மலரவைக்கும் பூ மழை ஆகிய மூன்று வேலைகளுக்கு எவ்வளவு உதவும் என்று வைத்துப் பார்த்தால் கிடைப்பது இது.

கைபேசியோடு வரும் வானிலைப் படத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். அதன் பின்னால் இருக்கும் உலக மாதிரிகள், அதாவது வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்குகள், பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பிய மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 9 கி.மீ., அமெரிக்க மாதிரியான ஜிஎஃப்எஸ்ஸின் கட்டம் ஏறத்தாழ 13 கி.மீ. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கட்டத்துக்குள் அதெல்லாம் ஒரு வழுவழுப்பான மேடாகச் சுருங்கிவிடும். உங்கள் ஆப் மலையைப் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஒரே நேரத்தில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பகல் வெப்பநிலையைப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைய வேண்டும் என்ற கணக்குப்படி இரண்டுக்கும் 7, 8 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். மூன்று டிகிரிதான் காட்டுகிறது என்றால் அது ஏற்காட்டின் பெயரை ஒட்டிக்கொண்ட அடிவாரக் கணிப்பு. மழைப் படத்திலும் ஏமாற்று இருக்கிறது. நாள் முழுக்க 0.3 மி.மீ. தூறினாலும் குடைப்படம், 30 மி.மீ. கொட்டினாலும் அதே குடைப்படம். மி.மீ. எண் காட்டாத ஆப்பால் களத்துக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்து இந்திய வானிலை ஆய்வு மையம். சென்னை மண்டல மையத்தின் அறிக்கையைச் செய்தியில் கேட்பவர்கள் பெரும்பாலும் மாவட்டப் பெயரை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் வரும் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேல் நனையாது. 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி வரை, 'அநேக இடங்களில்' என்றால் முக்கால் வரை. மிதமான மழை என்பது 15.6 முதல் 64.4 மி.மீ. வரை, கனமழை 64.5 மி.மீ.யிலிருந்து. 'சேலம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிதமான மழை' என்ற வரியைக் கேட்டுப் பறிப்பை நிறுத்துவது அவசரம். 'அநேக இடங்களில்' என்று வந்தால் களத்தை அன்று மாலைக்குள் மூடிவிட வேண்டும். இன்னொன்று, அறிக்கையில் வரும் மழையளவு காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்துக்கானது. இன்றைய தேதி போட்டு வரும் அளவு பெரும்பாலும் நேற்றைய மழைதான்.

மையத்தின் மௌசம் ஆப்பைவிட மேக்தூத் ஆப் விவசாயிக்கு நெருக்கமானது. ஐந்து நாள் மழையளவு, வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசை, வேகம் எல்லாம் எண்ணாகவே தருகிறது. தமிழிலும் படிக்கலாம். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் பயிர் ஆலோசனை வரும். குறை என்னவென்றால், மாவட்டம் முழுமைக்கும் பொதுவான ஆலோசனையில் மரவள்ளிக்கும் நெல்லுக்கும் இருக்கிற இடம் மலைத்தோட்டத்துக்கு இருக்காது. எண்களை எடுத்துக்கொண்டு ஆலோசனையைக் கீழ்நாட்டுக்காரர்களுக்கு விட்டுவிடலாம். இடிக்கு தாமினி ஆப் போதும். இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். சித்திரை, வைகாசியில் ஆட்களைச் சில்வர் ஓக் மரத்தின் மேல் ஏற்றி மிளகுக் கொடி வேலை செய்பவர்களுக்குக் கட்டாயம் வேண்டியது. மார்கழிக்குத் தேவைப்படாது.

இப்போது விண்டி என்ற வானிலைப் பட ஆப். இதை மழைப் படமாக மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம், அதனால்தான் 'விண்டி பொய் சொல்லுது' என்ற பேச்சும் அதிகம். மலைத்தோட்டத்துக்கு அதில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது: உயரத்தை மாற்றும் பட்டை. அதைத் தரையிலிருந்து மேலே இழுத்து 1,500 மீட்டர், அதாவது காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கல் என்ற இடத்தில் நிறுத்துங்கள். அது ஏற்காட்டின் உயரம்! தரைமட்டப் படத்தில் மாதிரி தன் மொட்டை மேட்டைக் காட்டும். இந்த மட்டத்தில் உங்கள் களத்தின் மேல் ஓடும் காற்றையே பார்க்கலாம். பார்க்க வேண்டியவை இரண்டே. முதலில் காற்றின் திசை, பிறகு ஈரப்பதம். கிழக்கு அல்லது வடகிழக்குக் காற்று, ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் என்றால் குப்பனூர்ப் பக்கச் சரிவில் ஏறும் மேகம் ஊரின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். மழை அடுக்கில் பூஜ்யம் காட்டினாலும் தூறலும் மூட்டமும் நிச்சயம். காற்று வடக்கு, வடமேற்காகத் திரும்பி ஈரப்பதம் 60க்குக் கீழே இறங்கினால் அடுத்த நாள் வெயில், இரவில் நல்ல குளிர். காற்றின் ஈரப்பதம் பகலிலும் 75க்கு மேலேயே நின்றால், எத்தனை முறை கிளறினாலும் பார்ச்மென்ட் தேவையான 10 சதவீத ஈரத்துக்கு இறங்காது. அந்த நாட்களில் கூடுதல் கூலி கொடுத்துக் கிளறுவது வீண்.

மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. குமரிக்கடலிலோ இலங்கைப் பக்கமோ ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிற்கும்போது, அதன் பாதை 150 கி.மீ. வடக்கே தள்ளினால் சேலம் நனையும், தெற்கே போனால் நெல்லையோடு முடிந்துவிடும். ஐந்து நாளுக்கு அப்பால் ஐரோப்பிய மாதிரியும் ஜிஎஃப்எஸ்ஸும் இதில் ஒத்துப்போவது அபூர்வம். விண்டியில் இடத்தைத் தொட்டு ஒப்பீட்டைத் திறந்து இரண்டையும் பாருங்கள். நாளும் அளவும் ஒத்துப்போனால் நம்பி வேலையைத் திட்டமிடலாம். நாள் ஒத்து அளவு வேறுபட்டால் மழை வரும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நாளே வேறுபட்டால் மாதிரியின் அடுத்த ஓட்டம், அதாவது புதுக் கணக்கு, வரும்வரை முடிவெடுக்கக் கூடாது. ஐரோப்பிய மாதிரியின் காலை 5.30 மணி ஓட்டம் மதியவாக்கில்தான் முழுதாக வந்து சேரும். காலையில் பார்ப்பது முந்தைய மாலையின் கணக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்பதே புதியது. இலவசப் பதிப்பில் மூன்று மணி நேர இடைவெளிதான் கிடைக்கும். களத்துக்கு அது போதும், காசு கட்டத் தேவையில்லை.

ரேடார் படத்தைக் குளிர்காலத்தில் நம்பவே கூடாது. அதற்குக் காரணம் தூரம். ஏற்காட்டுக்குக் காரைக்கால் ரேடார் நேர்க்கோட்டில் சுமார் 200 கி.மீ., சென்னை சுமார் 270 கி.மீ. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர் பூமியின் வளைவோடு சேர்ந்து 200 கி.மீ. தாண்டும்போது ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்துக்குப் போய்விடும். தை மாதத் தூறல் மேகத்தின் உச்சியே அதற்குக் கீழேதான் இருக்கிறது, கதிர் அதன் தலைக்கு மேல் போய்விடும். படம் சுத்தமாக இருக்கும், களம் நனைந்துகொண்டிருக்கும். செயற்கைக்கோள் அகச்சிவப்புப் படத்திலும் இதே கதை. தாழ்ந்த மேகம் தரையளவு சூடாக இருப்பதால் இரவில் தனியாகத் தெரியாது. பகலில் இன்சாட்டின் ஒளிப்படத்தைப் பார்த்தால் மலையில் ஒட்டிய வெள்ளைத் திட்டு தெரியும். 2024 நவம்பர் கடைசியில் கரையேறிய ஃபெஞ்சல் புயலின் எச்சம் உள்நாட்டுக்குள் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த வகை மழை உயர்ந்த மேகத்தோடு வருவதால் எல்லாப் படத்திலும் பளிச்சென்று தெரியும். கருவிகள் கோட்டைவிடுவது சத்தமில்லாத இந்தத் தூறலைத்தான்.

முகநூல், யூடியூப் வானிலையாளர்களில் தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போன்றவர்கள் மாதிரிகளின் முரணை நல்ல தமிழில் விளக்குகிறார்கள். தாழ்வுநிலை உருவாகும் வாரத்தில் படிக்க வேண்டியவை. ஒரு தோட்டத்தின் தூறலை அவர்களிடம் கேட்பது நியாயமில்லை.

இனி வரப்போகும் மழையைப் பற்றிய சண்டை. பெரியவர்கள் கையில் இருப்பது கர்ப்போட்டம். மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் ஏறத்தாழ 14 நாள், அதாவது டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி 10 வாக்கு வரை, ஒவ்வொரு நாளும் அடுத்த மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்குக் கணக்கு. மேகம் ஓடி, மூட்டம் போட்டால் கர்ப்பம் தரித்தது. மழையாகவே பெய்துவிட்டால் கர்ப்பம் கலைந்தது, அந்த வாரங்களில் வறட்சி. ஈரமான குளிர்காலத்தில் இதிலேயே இரண்டு கட்சி உருவாகும். 'தூறல்தானே, கலையவில்லை' என்பார் ஒருவர், 'ஓடு சொட்டியதே' என்பார் இன்னொருவர். எத்தனை மி.மீ. விழுந்தால் கலைந்தது என்று வரையறை இல்லாததால் எந்த வருஷமும் இரு தரப்பும் தோற்பதில்லை. கணிப்பாக இதற்கு மதிப்பெண் தர முடியாது. ஆனால் 14 நாள் விடாமல் வானத்தைப் பார்த்துக் குறித்து வைக்கும் பழக்கத்தை எந்த ஆப்பும் உண்டாக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று பஞ்சாங்கம் சொல்லும் கணக்கு நாட்டுக்கே ஒன்றாக இருப்பதால் நம் சேர்வராயன் மலைக்குத் தனியாக அதில் எதுவும் இல்லை.

படித்தவர்கள் கட்சி எல் நினோ, லா நினா, அதாவது பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாவதும் குளிர்வதும். எல் நினோ ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழை சராசரியாக வலுக்கும், லா நினாவில் குறையும் என்பது பொதுவான போக்கு. போக்கு என்பதோடு நிறுத்த வேண்டும். 2021 ஜனவரியில் லா நினா நடந்துகொண்டிருந்தபோதே மழை கொட்டி, அறுவடைக்கு நின்ற டெல்டா நெல் சாய்ந்தது. பருவமழை ஜனவரி 19 அன்றுதான் விலகியது. அந்த ஆண்டின் இறுதியிலும் லா நினா, நவம்பரில் மீண்டும் பெருமழை. தவிர, பிப்ரவரி, மார்ச்சில் சொல்லப்படும் எல் நினோ கணிப்பு கோடையைத் தாண்டினால்தான் உறுதிப்படும். ஏப்ரல் நடுவில் வரும் இந்திய வானிலை மையத்தின் முதல் தென்மேற்குப் பருவமழைக் கணிப்பும் நாட்டின் சராசரியான 87 செ.மீ.க்கு எத்தனை சதவீதம் என்பதுதான். மாதாந்தர அறிக்கையில் 'ஜனவரி மழை இயல்பைவிட இரண்டு மடங்கு' என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஜனவரியின் இயல்பே சொற்பம், ஒரு நல்ல மழை விழுந்தாலே சதவீதம் எகிறிவிடும்.

தோட்டத்துக்கு உண்மையான கேள்வி பூ மழை. மொட்டு முழுதாக மலர 25 முதல் 40 மி.மீ. ஒரே வீச்சில் வேண்டும். ஜனவரி கடைசியில் 10, 12 மி.மீ. விழுந்தால் முற்றிய மொட்டு மட்டும் 8 முதல் 10 நாளில் திறக்கும், மீதி அரைகுறையாக நிற்கும். அடுத்த ஆண்டுப் பழம் ஒரே சமயத்தில் பழுக்காது, பறிப்பு மூன்று சுற்றாக இழுக்கும். பெய்தது 12ஆ 28ஆ என்பதைப் பொறுத்துத்தான் ஸ்பிரிங்க்ளர் போட்டு மிச்சத்தை ஈடுகட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதை எந்த ஆப்பும் சொல்லாது. ஒரே எஸ்டேட்டில் கிழக்குச் சரிவுக்கும் மேற்குச் சரிவுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும்.

ஆகவே பணம் போட வேண்டியது மழைமானியில். டிஜிட்டல் வகையில் ஒவ்வொரு 0.2 அல்லது 0.3 மி.மீ.க்கும் ஒரு சிறு கரண்டி கவிழ்ந்து எண்ணும். சில்வர் ஓக் இலையும் சிலந்தி வலையும் துவாரத்தை அடைத்தால் எண்ணிக்கை நின்றுவிடும், அடைமழையில் கரண்டி கவிழ்வதற்குள் தண்ணீர் தப்பி அளவு குறைவாகக் காட்டும். சாதாரண மானியே மேல். வாங்க முடியாவிட்டால் வாய் விட்டம் 16 செ.மீ. உள்ள புனலை 5 லிட்டர் கேனில் பொருத்துங்கள். அதன் பரப்பு 200 சதுர செ.மீ., எனவே 20 மில்லி தண்ணீர் என்றால் 1 மி.மீ. மழை. கேன் 250 மி.மீ. வரை தாங்கும். கேனைக் குழியில் இறக்கி, புனல் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக நிற்கும்படி வையுங்கள். பக்கத்து மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டத்தில் இலை சொட்டும் நீரும் மழையாகக் கணக்கில் ஏறும். தினமும் 8.30க்கு அளந்து கொட்டினால் சென்னை மையத்தின் அளவோடு நேரடியாக ஒப்பிடலாம்.

ஈர வாரம் உறுதியானால் களத்தில் செய்ய வேண்டியது: பழத்தை மரத்தில் விடாமல் பறிக்கவும், ஏனென்றால் நனைந்த பழம் வெடித்து உதிரும், உதிர்ந்த பழத்தில் காய்த்துளைப்பான் வண்டு பெருகும். களம் கொள்ளும் அளவுக்கே பல்பரில் போடவும். கழுவிய பார்ச்மென்ட்டைச் சுத்தமான தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டுத் தள்ளிப்போடலாம், அதற்கு மேல் நிறம் கெடும். காயப்போடும்போது 4 செ.மீ. கனத்துக்கு மேல் வேண்டாம், மணிக்கு ஒருமுறை கிளறவும். தார்ப்பாயை நேராகக் குவியல் மேல் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மூங்கில் கட்டி, ஓரம் திறந்திருக்கும்படி தூக்கிப் போட வேண்டும்.