ஃபைனல் ஃபேண்டஸி 10: அடுத்த முறை யாருடையது என்பதை மறைக்காத ஆட்டம்

2001 ஜூலையில் பிளேஸ்டேஷன் 2-க்காக ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டஸி 10 ஆட்டத்தை, முதலில் அந்தக் கன்சோலிலும் பின்னர் கணினிக்கு வந்த ஹெச்டி பதிப்பிலுமாக, பல ஆண்டுகளாக ஆடி வருகிறேன். டர்ன்-பேஸ்டு ஆட்டம் என்றாலே, "நீ ஒரு அடி, நான் ஒரு அடி என்று வரிசையில் நின்று அடித்துக்கொள்வதில் என்ன சுவை இருக்கிறது?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் ஆடியவற்றுள் அந்தக் கேள்விக்கு மிக நேர்த்தியாக விடை சொல்லும் ஆட்டம் இதுதான். முதலில் என்னை இழுத்தது கதை. ஆனால் திரும்பத் திரும்ப ஆடியபோது, அந்தக் கதையும் சண்டைமுறையும் ஒரே எண்ணத்தில் வேர்கொண்டவை என்பது புலப்பட்டது. அதை விளக்குவதற்குக் கதையின் ஒரு பெரிய முடிச்சை அவிழ்த்தாக வேண்டும். அது தெரியாமல் ஆட விரும்புபவர்கள் ஆடிவிட்டுப் படிக்கலாம்.

இந்தத் தொடரில் 1991-இல் வந்த நான்காம் பாகம் முதல் 2000-இல் வந்த ஒன்பதாம் பாகம் வரை, ஹிரோயூகி இட்டோ வடிவமைத்த ஏடிபி (ஆக்டிவ் டைம் பேட்டில்) என்ற முறைதான் இருந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பட்டை உண்டு. அது நிரம்பினால் அவருக்கு முறை வரும். நாம் தயங்கிக்கொண்டிருந்தால் எதிரியின் நேரம் ஓடிவிடும். மெனுவுக்குள் போனால் நேரத்தை நிறுத்தும் வசதி இருந்தாலும், பட்டை நிரம்பும்வரை சும்மா காத்திருப்பதும் நிரம்பியவுடன் பதறுவதும் தீர்ந்தபாடில்லை. பத்தாம் பாகத்தின் சண்டைப் பகுதியை இயக்கியவர் தோஷிரோ சுச்சிடா. ஃபிரண்ட் மிஷன் என்ற வியூக ஆட்டத்தை ஏற்கெனவே உருவாக்கியிருந்த அவர், இங்கே பட்டைகளை அடியோடு எடுத்துவிட்டு, திரையின் வலப்பக்க மேல்மூலையில் ஒரு பட்டியலை வைத்தார். இப்போது யார், அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று நம்மவர்களும் எதிரிகளும் கலந்த வரிசை அதில் தெரியும். நாம் முடிவெடுக்கும்வரை உலகம் நின்றுவிடும். அடுப்பில் பால் பொங்கினால் போய் இறக்கி வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து யோசிக்கலாம். வேலையும் வீடும் உள்ளவர்களுக்கு இது சிறிய வசதி அல்ல.

பட்டியல் வெறும் அறிவிப்பாக நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. மெனுவில் கர்சரை ஒரு கட்டளையின் மேல் கொண்டுபோனாலே, அதைத் தேர்ந்தெடுத்தால் வரிசை எப்படி மாறும் என்பதைப் பட்டியல் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. கதாநாயகன் டீடஸைக் கொண்டு ஒருவர்மீது ஹேஸ்ட் என்ற வேகம் கூட்டும் மந்திரத்தைப் போடலாமா என்று நினைக்கும்போதே, அவருடைய முகம் பட்டியலில் மேலே ஏறுவதைப் பார்க்கலாம். எதிரியைத் தாமதப்படுத்தும் டிலே அட்டாக்கைத் தொட்டால் எதிரியின் பெயர் கீழே இறங்குகிறது. ஆடுபுலி ஆட்டத்தில் காயை எங்கே வைப்பது என்பது நம் கையில் இருந்தாலும், முறை மட்டும் மாறி மாறித்தான் வரும். இங்கே அந்த முறையையே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தலாம். இப்போது அடித்துச் சற்றுச் சேதம் விளைவிப்பதா, அல்லது அடிக்காமல் எதிரியின் முறையைத் தள்ளிவைத்து அந்த இடைவெளியில் மருந்து போடுவதா என்ற கேள்வி ஒவ்வொரு நல்ல சண்டையிலும் எழும். இரண்டின் விளைவும் கண்முன் இருப்பதால், தோற்றாலும் ஏன் தோற்றோம் என்பது தெரிந்தே தோற்கிறோம்.

இதனோடு சேர்ந்தது ஆள்மாற்றம். குழுவில் ஏழு பேர். களத்தில் ஒரே நேரத்தில் மூவர். யாருடைய முறையிலும் அவரை வெளியே அனுப்பி வேறொருவரைக் கொண்டுவரலாம்; வந்தவர் அந்த முறையிலேயே செயல்படுவார், முறை வீணாவதில்லை. பாய்ந்து ஓடும் ஓநாய் போன்றவற்றை டீடஸ், பறப்பவற்றைப் பந்து வீசி வாக்கா, ஓடு தடித்தவற்றை வாளால் ஆரன், அடி ஏறாத கூழ்ப்பிராணிகளை மந்திரத்தால் லூலூ என்று முதல் சில மணி நேரம் ஆட்டம் பாடம் நடத்துகிறது. ரிக்கூ இயந்திர எதிரியிடமிருந்து ஒரு பொருளைத் திருடினால் அந்த இயந்திரமே குலைந்து விழுந்துவிடும்; முதல்முறை பார்ப்பவருக்கு அது தனி மகிழ்ச்சி. சண்டையில் ஒரு செயலாவது செய்தவருக்குத்தான் வளர்ச்சிப் புள்ளி கிடைக்கும் என்பதால், சாதாரணச் சண்டையில்கூட எழுவரையும் ஒரு சுற்று உள்ளே கொண்டுவரும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. பிடித்த மூவரை மட்டும் வளர்த்துவிட்டு மற்றவர்களை மறந்துபோவது இவ்வகை ஆட்டங்களில் வழக்கம். இங்கே அப்படி மறக்க மனம் வராது. கிமாரிக்கு மட்டும் தனக்கென்று ஒரு வேலை இல்லாமல் போனது எனக்கு இன்றும் குறைதான்.

பறக்கும் கப்பலின் மேல்தளத்தில் எவ்ரே என்ற பறவைநாகத்தோடு நடக்கும் சண்டை, பட்டியலுக்கு இடத்தையும் சேர்த்துவிடுகிறது. டீடஸோ ரிக்கூவோ தம் முறையைச் செலவிட்டுக் கப்பலோட்டும் சிட்டிடம் "விலகு" என்று சொல்லலாம். விலகிய பின் வாளுக்கு எட்டாது, வாக்காவின் பந்தும் லூலூவின் மந்திரமும்தான் எட்டும். பதிலுக்குச் சிட் ஏவுகணைகளை வீசுவார். எதிரி மூச்சை இழுத்து நஞ்சு கக்கத் தயாராகும்போது விலகிவிடலாம். ஆனால் கட்டளை கொடுத்த நொடியே கப்பல் நகராது என்பதால், எத்தனை முறைக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தின் உச்சம் என்று நான் கருதுவது அதற்குப் பின் வரும் இரண்டு பாஸ் (பெரிய எதிரி) சண்டைகள். முதலாவது, பனி மூடிய காகாஜெட் மலையில் வில்லன் சீமோரோடு நடப்பது. அவனுக்கு 70,000 ஹெச்பி (உயிர்ப்புள்ளி). கூடவே மோர்ட்டியார்க்கிஸ் என்ற பூதம் ஒன்று துணை நிற்கிறது. சீமோர் ஈட்டியால் நம்மில் ஒருவரைக் குத்தி ஸாம்பி நிலைக்குத் தள்ளுகிறான். அந்த நிலையில் இருப்பவருக்குக் குணப்படுத்தும் மந்திரம் கேடாக முடியும். அடுத்துப் பூதம் தன் முறையில் அதே ஆளுக்கு முழு உயிர் தரும் மந்திரத்தைப் போட, அவர் அங்கேயே விழுகிறார். அன்பளிப்புபோலத் தோன்றும் அந்த மந்திரம் கொலை என்பது புரிய ஒரு கணம் ஆகும். புரிந்தபின் கண் பட்டியலுக்குத்தான் ஓடும்: ஈட்டிக்கும் மந்திரத்துக்கும் நடுவே நம்மவர் ஒருவருடைய முறையாவது இருக்கிறதா? இருந்தால் புனித நீரைத் தெளித்து ஸாம்பி நிலையை நீக்கிவிடலாம். இல்லாவிட்டால் அவரை விட்டுக்கொடுத்து, அந்த முறையை வேறு வேலைக்குப் பயன்படுத்தி, விழுந்தபின் எழுப்ப வேண்டியதுதான். ஹேஸ்ட் போட்டிருந்தால் அந்த இடைவெளி பெரும்பாலும் நமக்குக் கிடைத்துவிடும். இந்தச் சண்டையில் ஸாம்பி என்றால் உடனே நீக்கு என்ற பாடம் எலும்புவரை இறங்கிவிடுகிறது.

மலையைக் கடந்தால் ஜானர்கண்ட் இடிபாடுகள், அங்கே யூனலெஸ்கா. மூன்று உருவங்களில் வரும் இவள், இரண்டாம் உருவில் குழு முழுவதையும் ஒரே கடியில் ஸாம்பி ஆக்கிவிடுகிறாள். மலையில் கற்ற பாடத்தின்படி எல்லாருக்கும் புனித நீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தால், மூன்றாம் உருவம் எடுத்தவுடன் மெகா டெத் என்ற மந்திரத்தை வீசுகிறாள். உயிரோடு இருப்பவர்கள் அத்தனை பேரும் மடிகிறார்கள். அந்த மந்திரம் ஸாம்பியைத் தொடாது. ஆகவே, சற்றுமுன் நோயாகத் தெரிந்ததையே கவசமாகப் பிடித்துக்கொண்டு, ஓரிருவரைக் குணப்படுத்தாமல் நிறுத்திவைத்துத்தான் இவளை வெல்ல முடியும். மருந்தே விஷமாகும் நிலையில் அவர்களை எப்படிச் சாகாமல் காப்பது, யாரைச் சாக விடுவது, மெகா டெத் விழுந்தபின் யார் யாரை எழுப்புவது என்று ஒவ்வொரு முறையையும் எண்ணி எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு விதியைக் கற்பித்துவிட்டுச் சற்றுப் பின்னர் வரும் சண்டையிலேயே அதைத் தலைகீழாக்கும் இந்தத் துணிவை நான் வேறு எந்த ஆட்டத்திலும் இவ்வளவு கச்சிதமாகக் கண்டதில்லை.

அந்த இடத்தில் கதையும் அதையேதான் செய்கிறது. ஸ்பைரா என்ற உலகை சின் என்னும் பேருருவம் ஆயிரம் ஆண்டுகளாக அழித்து வருகிறது. நம் குழுவில் உள்ள யூனாவைப் போன்ற சம்மனர்கள் (துணைப் பேருருவங்களை வரவழைப்பவர்கள்) கோயில் கோயிலாக யாத்திரை போய், ஜானர்கண்டில் யூனலெஸ்காவிடம் இறுதி அழைப்பைப் பெற்று அதை வீழ்த்துவார்கள். சில காலம் அமைதி நிலவும். பிறகு சின் மீண்டும் பிறக்கும். யூனாவின் தந்தை பிராஸ்காவும் பத்து ஆண்டுகளுக்கு முன் அதைச் செய்தவர்தான். இறுதி அழைப்பைப் பயன்படுத்தும் சம்மனர் இறந்துவிடுவார் என்பது ஸ்பைராவில் எல்லாருக்கும் தெரியும். வேற்றிடத்திலிருந்து வந்து சேர்ந்த டீடஸுக்கு மட்டும் தெரியாது. சின்னை ஒழித்தபின் அங்கே போகலாம், இங்கே போகலாம் என்று அவன் யூனாவிடம் ஆசையாகப் பேசிக்கொண்டே வந்திருக்கிறான். உண்மை தெரிந்தபின் அவன் பேசியவை அனைத்தும் அவனுக்கே வலிக்கின்றன. நமக்கும் வலிக்கிறது, ஏனென்றால் நாமும் அவனோடு சேர்ந்து ஒன்றும் அறியாமல் நடந்தவர்கள். இரண்டாம் முறை ஆடும்போது, கிலிகா துறைமுகத்தில் இறந்தவர்களுக்காக யூனா நீரின்மேல் ஆடும் அந்த நடனத்தை முன்புபோலப் பார்க்கவே முடியாது.

ஆட்டம் தொடங்குவதே ஜானர்கண்ட் இடிபாடுகளில், தீயைச் சுற்றிக் குழுவினர் அமர்ந்திருக்கும் காட்சியில்தான். அதன்பின் பெரும்பகுதியை டீடஸ் நடந்த கதையாக நமக்குச் சொல்கிறான். எங்கே போய்ச் சேர்வோம் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. வரப்போவது கண்முன்னே வரிசையாக நிற்கிறது. அந்த வரிசையை அப்படியே ஏற்பதா, நகர்த்துவதா என்பதுதான் சண்டையின் கேள்வி, யாத்திரையின் கேள்வியும் அதுவே. ஆயிரம் ஆண்டுகளாக ஒருவர் பின் ஒருவராகச் சம்மனர்கள் போய் நின்ற அதே இடத்தில் யூனா எடுக்கும் முடிவு, யூனலெஸ்காவின் எதிரே நாம் ஆடும் ஆட்டத்தோடு ஒன்றிவிடுகிறது. கசுஷிகே நோஜிமாவின் கதையும் சுச்சிடாவின் சண்டையும் திட்டமிட்டே இப்படிப் பொருந்தினவா என்று நான் வாதிடப் போவதில்லை. ஆடுபவருக்கு அவை பொருந்துகின்றன, அது போதும்.

குறைகளும் உண்டு. ஸ்ஃபியர் கிரிட் என்ற வளர்ச்சிப் பலகையில் ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் தொடங்கி, இறுதியில் மற்றவர்களின் பகுதிகளிலும் புகுந்துவிடலாம். நடுக்கட்டம்வரை அது இனிமையான சுதந்திரம். இறுதிச் சண்டையைத் தள்ளிவைத்துவிட்டுப் பலகை முழுவதையும் நிரப்பத் தொடங்கினால், எழுவரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாகி, எல்லாருடைய அடியும் 99,999 என்று நிற்கும். வேகமும் உச்சத்துக்குப் போய்விட, பட்டியலைப் பார்க்கும் தேவையே குறைந்துவிடும். லூலூவின் சிறப்பு ஆயுதத்தை முழுமையாக்க இடிச் சமவெளியில் தொடர்ந்து 200 மின்னல்களிலிருந்து தப்ப வேண்டும்; டீடஸின் ஆயுதத்துக்குச் சொகோபோ என்ற பறவைமேல் ஏறி ஓடும் பந்தயத்தைச் சுழிய நேரத்தில் முடிக்க வேண்டும். யோசித்து ஆடுபவருக்கென்று இவ்வளவு நேர்மையான சண்டைமுறையைக் கட்டியவர்கள், அதன் மிகப் பெரிய பரிசுகளை விரல் வேகத்துக்குப் பின்னால் பூட்டி வைத்தது நியாயமே இல்லை. கட்சீன்கள் என்ற கதைக்காட்சிகளைத் தாண்டிப் போகவும் வழியில்லை; யூனலெஸ்காவிடம் தோற்றால், முன்னால் வரும் நீண்ட காட்சியை மறுபடியும் முழுக்கப் பார்த்தாக வேண்டும். முதல்முறை நெஞ்சை உலுக்கும் வசனங்கள் மூன்றாம் முறை பொறுமையைச் சோதிக்கின்றன. பிளிட்ஸ்பால் என்ற நீருக்கடி ஆட்டம் பலருக்குப் பிடிப்பதில்லை. எதிராளி நெருங்கும் கணத்தில் நேரத்தை நிறுத்தி, உடைத்துக்கொண்டு போவதா, பந்தைக் கடத்துவதா என்று கேட்கும் அதையும் நான் மிகவும் விரும்பி ஆடுகிறேன்.

இதற்குப் பின் தனியாள் ஆட்டமாக வந்த எண் வரிசைப் பாகங்கள் எதுவும் இந்த முறைக்குத் திரும்பவில்லை. 2023-இல் வந்த பதினாறாம் பாகம் முழுக்க ஆக்‌ஷன். வரிசையைக் காட்டும் வழக்கம் வேறிடங்களில் வாழ்கிறது: 2018-இல் வந்த ஆக்டோபாத் டிராவலர் அதைத் திரையின் உச்சியில் வைத்திருக்கிறது, பிரான்ஸில் உருவாகி 2025-இல் பெரும் வரவேற்பைப் பெற்ற கிளேர் ஆப்ஸ்கர் ஆட்டத்திலும் அது இருக்கிறது. அவற்றை ரசித்தவர்களுக்கு இதன் வேர் எங்கே என்று பார்க்கத் தோன்றினால், 2016 மே மாதம் கணினிக்கு வந்த பதிப்பைப் பரிந்துரைப்பேன். அதில் ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும், நடந்து போகும்போது திடீரென மறிக்கும் எதிரிகளை நிறுத்தவும் வசதி இருக்கிறது. பழைய இடங்களுக்குத் திரும்பும்போது மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். முதல் யாத்திரையில் எதிரிகளை நிறுத்திவிட்டு நடந்தால், காகாஜெட்டுக்கு வந்து சேரும்போது எழுவரில் ஒருவரும் தேறியிருக்க மாட்டார்கள். தொடக்கத்தில் ஸ்ஃபியர் கிரிட்டின் வகையைக் கேட்கும்போது, முதல்முறை ஆடுபவர்கள் எக்ஸ்பர்ட்டை விட்டு ஸ்டாண்டர்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒவ்வொருவருக்கும் உரிய வேலை அதில்தான் தெளிவாகத் தெரியும். மலை ஏறும்முன் புனித நீர் நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.