உளுந்து மூட்டைக்குள் கிடந்த துணிப் பொட்டலம்

தொண்டி, தேவிபட்டினம், திருப்பாலைக்குடிப் பக்கம் உளுந்து, பயறு மூட்டையாக வாங்குகிறவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள்.

சென்ற மாதம் ராமநாதபுரத்தில் ஒரு மொத்தக் கடையில் 25 கிலோ உளுந்து வாங்கினேன். கடல் ஈரத்தில் எங்கள் ஊரில் எந்தப் பயறும் நெடுநாள் தாங்காது, வண்டு துளைத்துவிடும். "இதில் வண்டே வராது அக்கா, நான் பொறுப்பு" என்றார் கடைக்காரர். ஏன் வராது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அன்றிரவு மழை. ஜன்னல்களைச் சாத்திவிட்டு அடுப்படியில் மூட்டையைப் பிரித்தேன். மக்கிய பூண்டும் கெட்ட மீனும் கலந்தது போல் ஒரு வாடை. கருவாட்டுப் பானைதான் திறந்து கிடக்கிறது என்று நினைத்துவிட்டோம். மீன் வாடைக்குப் பழகிய வீடுகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து. சற்று நேரத்தில் அத்தைக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்தன. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மறுநாள்தான் வீடு திரும்பினார்.

காலையில் உளுந்துக்கு நடுவே ஒரு துணிப் பொட்டலத்தைப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத் தூளும் கரையாத இரண்டு மாத்திரைகளும் இருந்தன. அலுமினியம் பாஸ்பைடு, அதாவது கிடங்குகளில் தானியத்தில் வண்டைக் கொல்ல வைக்கும் நச்சு மருந்து. 3 கிராம் மாத்திரை ஈரக்காற்று பட்டால் 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். அந்த நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது. கிடங்கில் தார்ப்பாய் மூடிப் புகையூட்டி, பிறகு நன்றாகக் காற்றாடவிட்டு, தூளை அகற்றிய பின்புதான் தானியம் வெளியே வர வேண்டும். அரசு நிறுவனங்களுக்கும் பூச்சி ஒழிப்பு நிறுவனங்களுக்கும் மட்டுமே விற்க வேண்டிய பொருள் இது. 10, 20 மாத்திரைகள் கொண்ட குழாய்களை 2001லேயே தடை செய்துவிட்டார்கள். கடைக்காரர் இதைச் சாக்குக்குள் போட்டுத் தைத்து, சாப்பிடுகிற வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்!

பொட்டலம் கண்ணில் பட்டால் தண்ணீர் தெளிக்காதீர்கள், வாயு வேகமாகக் கிளம்பும். கையால் தொடவும் வேண்டாம். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். படுக்கும் அறையில் எந்தத் தானிய மூட்டையையும் வைக்காதீர்கள். கழுவினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் அந்த உளுந்தைச் சமைக்காதீர்கள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "வேறு மூட்டை தருகிறேன்" என்று அவரே ஒன்றைப் பிரித்தார். அதிலும் அதே பொட்டலம். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சரக்கில் மற்ற மூட்டைகள் எந்தெந்த ஊருக்குப் போயின என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.