விக்டோரியா காலப் பத்திரிகைகளை இணையத்தில் படிப்பதும் பாடம் நடத்துவதும்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

எம்.ஏ. ஆங்கிலம் வகுப்புக்கு 19-ம் நூற்றாண்டு பிரிட்டிஷ் இலக்கியம் எடுக்கிறேன். டிக்கன்ஸ் ஜர்னல்ஸ் ஆன்லைன், நைன்டீன்த்-செஞ்சுரி சீரியல்ஸ் எடிஷன் என்ற இரண்டு இலவசத் தளங்களைப் பல வருடமாகப் படிப்புக்கும் பாடத்துக்கும் பயன்படுத்தி வருகிறேன். இரண்டாவதை எல்லோரும் என்சிஎஸ்இ என்றுதான் சொல்வார்கள். நூலகம் வழியாகச் சில சந்தாத் தளங்களும் உண்டு. புதிதாகப் பார்க்கும்போது எல்லாத் தளமும் பிரமாதமாகத்தான் தெரியும். வருடக்கணக்கில் புழங்கிய பிறகுதான் எது கை கொடுக்கிறது, எது கை விடுகிறது என்று பிடிபடுகிறது. நான் கண்டது இதுதான்: தேடல் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டுப் படிப்பவருக்குக் கிடைப்பது கொஞ்சம். ஓர் இதழை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டுபவருக்குக் கிடைப்பது ஏராளம். அதனால் எந்தத் தளமானாலும் நான் முதலில் பார்ப்பது, முழு இதழையும் புரட்ட விடுகிறதா என்பதைத்தான்.

அந்த வகையில் டிக்கன்ஸ் ஜர்னல்ஸ் ஆன்லைனுக்கு என்னிடம் முதலிடம். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 2012-ல் பக்கிங்ஹாம் பல்கலைக்கழகம் கொண்டுவந்தது. அவர் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’, ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இரண்டு வார இதழ்களும் அதில் இருக்கின்றன. ஸ்கேன் செய்த பக்கமும் கிடைக்கும், தட்டச்சு எழுத்தும் கிடைக்கும். கணினி படித்துக் கொடுத்த எழுத்தைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். என் மாணவர்கள் பெரும்பாலும் போனில்தான் படிக்கிறார்கள். இரட்டைப் பத்தியில் பொடி எழுத்தில் அச்சான பக்கத்தைப் போன் திரையில் இழுத்து இழுத்துப் படிப்பது கண்ணுக்குப் பெரிய தண்டனை. திருத்திய எழுத்து இல்லாவிட்டால் இந்தப் பாடத்தை என்னால் நடத்தவே முடியாது.

ஒரே ஓர் இதழை மட்டும் இங்கே திறந்து காட்டுகிறேன்: 1854 ஏப்ரல் 22 தேதியிட்ட ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’. 24 பக்கம், விலை இரண்டு பென்ஸ், படம் ஒன்றுகூடக் கிடையாது. முதலில் ‘ஹார்டு டைம்ஸ்’ தொடர்கதையின் அந்த வாரப் பகுதி. அது ஏப்ரல் 1-ல் தொடங்கி ஆகஸ்ட் 12 வரை ஓடியது. இறங்கிக்கொண்டிருந்த விற்பனையைத் தூக்கி நிறுத்தவே டிக்கன்ஸ் அதை எழுதினார். அதே இதழில் ‘கிரவுண்ட் இன் தி மில்’ என்று ஒரு கட்டுரை. எழுதியவர் ஹென்றி மார்லி. தடுப்பு இல்லாத மில் இயந்திரங்களில் சிக்கிக் கை போனவர்கள், உயிர் போனவர்கள், தடுப்பு வைக்க மாட்டோம் என்று மல்லுக்கு நிற்கும் முதலாளிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். படித்து முடித்ததும் வகுப்பில் சத்தமே இருக்காது.

‘ஹார்டு டைம்ஸ்’ நாவலிலேயே மில் தொழிலாளி ரேச்சலின் தங்கைக்கு மில்லில் கை போனதைச் சொல்லும் ஒரு பகுதி இருந்தது. இந்தக் கட்டுரையைப் பார்க்கச் சொல்லி ஓர் அடிக்குறிப்பும் இருந்தது. ப்ரூஃப் பார்க்கும்போது டிக்கன்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டார். தொழிற்சங்கத்தில் சேர மாட்டேன் என்று அவளுடைய நண்பனான மில் தொழிலாளி ஸ்டீஃபன் பிளாக்பூல் ஏன் அப்படி ஒற்றைக்காலில் நிற்கிறான் என்பது புத்தகமாகப் படிப்பவருக்குப் புரியாமல் போவது இதனால்தான். வம்பு தும்புக்குப் போக மாட்டேன் என்று அவன் ரேச்சலுக்குக் கொடுத்த வாக்கின் வேர் அந்த வெட்டப்பட்ட பகுதியில் இருக்கிறது. “சார், கதையில் இல்லாத விபத்து பத்திரிகையில் இருக்கிறதே” என்று ஒரு மாணவி கேட்டாள். அடிக்குறிப்பு விஷயத்தை நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. இதழை வரிசையாகப் படித்ததால் மட்டுமே அவளுக்கு வந்த கேள்வி அது.

இன்னொரு பலம், யார் எழுதியது என்ற விவரம். அந்த இதழில் கட்டுரையாளர் பெயர் அச்சாகாது. பக்கத்தின் தலையில் ‘நடத்துபவர் சார்லஸ் டிக்கன்ஸ்’ என்பது மட்டுமே இருக்கும். ஆனால் உதவி ஆசிரியர் டபிள்யூ. எச். வில்ஸ் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். யாருக்கு எந்தக் கட்டுரைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. இரட்டைப் பத்திப் பக்கம் ஒன்றுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், என்பது வழக்கமான கூலி. அந்த நோட்டு தப்பிப் பிழைத்ததால்தான் 1850 மார்ச் 30-ல் வந்த முதல் இதழின் ‘லிஸி லீ’ எலிசபெத் கேஸ்கலுடையது என்பது முதல் எல்லாம் ஆதாரத்தோடு தெரிகிறது. பிற பெரிய மாத, காலாண்டு இதழ்களுக்கு வெல்லஸ்லி இண்டெக்ஸ் என்ற அட்டவணை நூல் இருக்கிறது. வால்டர் ஹௌட்டன் தொடங்கி வைத்து, 1966 முதல் 1989 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. பெயரில்லாக் கட்டுரைகளுக்குப் பெயர் கண்டுபிடித்துக் கொடுத்த மகத்தான உழைப்பு. ஆனால் கவிதைகளை அது சேர்க்கவில்லை. கவிதையில் ஆய்வு செய்ய வரும் மாணவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

தேடல் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் 19-ம் நூற்றாண்டு நாளிதழ்த் தொகுப்பை 2009-ல் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வில், கணினி சரியாகப் படித்த சொற்கள் 78 சதவீதம்தான். பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களில், அதாவது ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் வரும் இடங்களில், 63 சதவீதத்துக்குச் சற்றே மேல். நாம் பெரும்பாலும் தேடுவதோ ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும்தான். அதனால் ‘தேடினேன், வரவில்லை’ என்பதை வைத்து ‘அந்தக் காலத்தில் யாரும் இதைப் பற்றி எழுதவில்லை’ என்று ஆய்வேட்டில் எழுத நான் அனுமதிப்பதில்லை. நான் பயன்படுத்திய ஒரு பெரிய சந்தாத் தளத்தில் வேறொரு தொல்லை. தேடினால் கட்டுரையை மட்டும் கத்தரித்துக் கையில் கொடுக்கும். பக்கத்துப் பத்தியில் என்ன இருந்தது என்று பார்க்க நாலு முறை சொடுக்க வேண்டும். எண்ணிக்கையில் லட்சக்கணக்கான பக்கம் இருந்து என்ன பயன்?

என்சிஎஸ்இ 2008-ல் வந்தது. ஆறே ஆறு பத்திரிகைகள்தான், ஆனால் தேர்வு அருமை. நான் அதிகம் பயன்படுத்துவது ‘நார்தர்ன் ஸ்டார்’. ஃபியர்கஸ் ஓ’கானர் 1837-ல் லீட்ஸ் நகரில் தொடங்கிய சார்ட்டிஸ்ட் வார இதழ், அதாவது தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்தின் குரல். விலை நாலரை பென்ஸ். தொழிலாளிக்கு அது சின்னக் காசு இல்லை. அதனால் கூட்டாக வாங்கி, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அப்போது முத்திரை வரி என்று ஒன்று ஒவ்வொரு பிரதிக்கும் கட்ட வேண்டும். 1815-ல் நாலு பென்ஸாக உயர்த்தினார்கள். 1836-ல் ஒரு பென்னியாகக் குறைத்தார்கள். 1855-ல்தான் எடுத்தார்கள். விளம்பர வரி 1853-லும் காகித வரி 1861-லும் போயின. மலிவு நாளிதழ்கள் ஏன் அந்த ஆண்டுகளுக்குப் பிறகு புற்றீசலாகக் கிளம்பின என்று விளக்க இந்த நாலைந்து ஆண்டெண்களே போதும்.

இந்தத் தளத்தின் தனிச்சிறப்பு, ‘நார்தர்ன் ஸ்டார்’ ஒரே வாரத்தில் வெளியிட்ட வெவ்வேறு பதிப்புகளையும் சேர்த்து வைத்திருப்பது. மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு பதிப்பைக் கொடுப்பேன். எந்தச் செய்தி நின்றது, எது புதிதாக நுழைந்தது என்று அவர்களே குறித்து வருவார்கள். ‘அன்றைய பத்திரிகை சொன்னது’ என்று ஒருமையில் எழுதும் பழக்கம் அந்த ஒரு வகுப்போடு போய்விடும்.

எல்லாத் தளங்களுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. நம் வீடுகளில் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தால், பின்பக்கத்தில் பாதி ஜோக்கும் பாதி சோப்பு விளம்பரமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பிரிட்டிஷ் நூலகங்களில் நடந்தது நேர்மாறு. பைண்டு பண்ணும்போது மேலட்டையையும் விளம்பரத் தாளையும் கழற்றிப் போட்டார்கள். ஸ்கேன் ஆனது பெரும்பாலும் அப்படிக் கழற்றிய வால்யூம்கள்தான். 1852-53-ல் மாதாமாதம் வந்த ‘ப்ளீக் ஹவுஸ்’ ஒவ்வொரு பகுதியிலும் ‘ப்ளீக் ஹவுஸ் அட்வர்டைஸர்’ என்று தனி விளம்பரப் பகுதியே இருந்தது. அன்றைய வாசகர் கையில் இருந்த பொருள் அது. அச்சுப் பண்பாடு பற்றிப் பாடம் எடுப்பவருக்கு இந்த இழப்பு வலிக்கும். ஈடு செய்ய என்சிஎஸ்இ-யில் இருக்கும் ‘பப்ளிஷர்ஸ் சர்க்குலர்’ ஓரளவு உதவுகிறது. பதிப்பகங்களின் விளம்பரம் நிரம்பி வழியும் வணிக இதழ் அது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சந்தாவுக்குப் பணம் கட்டும் முன் இந்த இரண்டு தளங்களிலும் ஒரு பருவம் முழுக்க வேலை செய்து பாருங்கள். முதுகலைப் பாடத்துக்குத் தாராளமாகப் போதும். மாகாண நாளிதழ்கள் வேண்டும், ஒரே செய்தி ஊர் ஊராக எப்படி மறுஅச்சானது என்று பார்க்க வேண்டும் என்றால் மட்டுமே சந்தாத் தளங்கள் தவிர்க்க முடியாதவை. அடுத்த பருவத்துக்கு ‘இங்கிலிஷ் வுமன்ஸ் ஜர்னல்’ (1858-64) வைத்திருக்கிறேன். பெஸ்ஸி ரேனர் பார்க்ஸும் பார்பரா போடிச்சனும் தொடங்கிய இதழ். 1860-ல் எமிலி ஃபெய்த்ஃபுல் தொடங்கிய விக்டோரியா பிரஸ்ஸில் அதன் பிறகு பெண்களே அச்சுக் கோத்து அது வெளிவந்தது. பெண்களின் வேலைவாய்ப்பு பற்றி அதில் வந்த கட்டுரைகளையும் அதை அச்சடித்தது யார் என்பதையும் சேர்த்தே படிக்கச் சொல்லப் போகிறேன்.