கிட்டார் பிரிட்ஜ் தூக்கினால் ஸ்க்ரூ போட விடாதீர்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த வேலை இது. கிட்டார் தர்மபுரியில் படிக்கும் ஒரு கல்லூரிப் பையனுடையது. ஸ்டீல் கம்பி போட்டது. பிரிட்ஜின் (கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மேல்பலகையில் ஒட்டியிருக்கும் மரக்கட்டை) பின்விளிம்பில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி, அவ்வளவுதான் கோளாறு. ரிப்பேர் ஆகி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பிரிட்ஜ் பிய்ந்து வந்தபோது மேல்பலகையின் சிம்புகளும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தன.

பிரிட்ஜைக் கழற்றவே இல்லை என்பது பார்த்ததுமே தெரிகிறது. இடுக்கில் இன்ஸ்டன்ட் கம்மை ஊற்றி, இரண்டு முனையிலும் மேலிருந்து மர ஸ்க்ரூ இறக்கியிருக்கிறார்கள். மேல்பலகையின் கனமே 3 மில்லிமீட்டர் சுமார்தான். ஸ்க்ரூ எதைப் பிடித்து நிற்கும்? மிக மெல்லிய கம்பி 0.012 இன்ச் உள்ள லைட் செட்டை முழு சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவை 70 கிலோவுக்கு மேல். ஒரு ஸ்க்ரூ உள்ளே மேல்பலகையைத் தாங்கும் பிரேஸ் சட்டத்தைப் பிளந்துவிட்டது. (சில கம்பெனி கிட்டார்களில் பிரிட்ஜின் முத்துப் பொட்டுக்கு அடியில் போல்ட் இருக்கும். அது உள்ளே நட் போட்டு முடுக்கியது. இந்தக் கூத்து வேறு.)

இன்ஸ்டன்ட் கம் செய்யும் கெடுதல் இன்னும் மோசம். காய்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். மர நாரில் ஊறிவிடுவதால் அடுத்து எந்த நல்ல பசையும் அங்கே பிடிக்காது. புது மரம் தெரியும்வரை சுரண்டியாக வேண்டும்.

முறையான வேலை இப்படி. கம்பியையும், பிரிட்ஜின் மேல் கம்பி உட்காரும் சாடிலையும் எடுத்துவிட்டு, சுற்றிலும் அலுமினியத் தாள் சுற்றிய அட்டை வைத்து, பிரிட்ஜை மட்டும் சூடாக்க வேண்டும். பசை இளகியதும் மெல்லிய கத்தியைத் தூக்கிய பக்கத்திலிருந்து நுழைத்து, மர ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் சிம்பு கிளம்பும். பிறகு பழைய பசை முழுக்கச் சுரண்டல். விலை குறைந்த கிட்டார்களில் பாதி மூலகாரணம் இங்கேதான் கிடைக்கும்: பிரிட்ஜை வார்னிஷ் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அதை எடுக்காமல் திரும்ப ஒட்டினால் திரும்பத் தூக்கும். டைட்பாண்ட் ஒரிஜினல் மாதிரி மரப் பசையை மெல்லிசாகத் தடவி, கம்பி நுனியைப் பிடிக்கும் பிரிட்ஜ் பின்களுக்கான துளைகளில் இரண்டு ஓரத்திலும் பின் வைத்து இடம் பிசகாமல் உட்கார்த்தி, சவுண்ட் ஹோல் வழியே நீளக் கை கிளாம்ப் மூன்று போட்டு, உள்ளே பிரிட்ஜ் பிளேட்டுக்கு (பிரிட்ஜுக்கு நேர் கீழே மேல்பலகையின் உட்புறம் ஒட்டிய பலகை) அடியில் மரக்கட்டை கொடுத்து முடுக்க வேண்டும். வழியும் பசையை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்துத்தான் கம்பி ஏற்றலாம்.

ஆகவே கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். கழற்றி ஒட்டுவீர்களா, என்ன பசை, உள்ளே போகும் கிளாம்ப் இருக்கிறதா? "ஒரு மணி நேரத்துல வாங்கிக்கலாம் தம்பி" என்றால் கிட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கொடுக்கும் முன் பிரிட்ஜின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுங்கள், செய்யப்போகும் வேலையைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இந்தப் பையனிடம் பில் இல்லை. "கம்பிய டைட்டா ஏத்திருப்ப" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

நல்ல ஆள் கிடைக்கும்வரை கம்பியைத் தளர்த்தியே வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை விடாதீர்கள், அந்தச் சூட்டுக்கே பசை இளகும்.